பீகாரில் பூமி பிளந்தது, நெல்லையில் வாதம் பிறந்தது

சாரல் கட்டிவிட்டால் தென்காசிப் பக்கம் யார் யாரைப் பார்த்தாலும் முதல் விசாரிப்பு ஒன்றுதான்: "தண்ணி விழுதா அண்ணாச்சி?" விழுகிறது என்றால் போதும். துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாகக் கிளம்பிவிடுவார்கள். குற்றாலம் வரைக்கும் வந்துவிட்டுத் தலை நனைக்காமல் திரும்புகிற ஆள் அபூர்வம். வெள்ளம் வந்து போலீஸ் தடுத்தால் உண்டு, காய்ச்சல் கண்டிருந்தால் உண்டு. 1934 ஜனவரியில் வந்த ஒருவரை யாரும் தடுக்கவில்லை. அவராகத்தான் குளிக்க மறுத்தார். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அருவியில் இடமில்லை என்று தெரிந்ததும், அவர்கள் குளிக்கக் கூடாத அருவியில் தானும் குளிப்பதில்லை என்று சொல்லிவிட்டார் காந்தி.

இந்தக் கதை எங்கள் வட்டாரத்தில் பலருக்கும் தெரியும். மேடையில் சொல்வார்கள், பள்ளிக்கூடத்து அக்டோபர் 2 விழாவில் சொல்வார்கள். அந்த நாட்களில் அவர் மனதை அடைத்துக்கொண்டிருந்த இன்னொரு விஷயத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். வடக்கே பீகாரில் பூகம்பத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்து ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகியிருந்தது. இடிபாட்டுக்கு அடியிலிருந்து உடல்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் துயரம் இந்தியாவை எப்படி ஒன்றாக்கியது, எந்த இடத்தில் ஒன்றாக்க முடியாமல் நின்றது என்று பார்க்க விரும்புகிறவர்கள் பாட்னாவுக்கு மட்டும் போனால் போதாது. திருநெல்வேலிக்கும் குற்றாலத்துக்கும் வரவேண்டும்.

பிற்பகல் இரண்டேகால்

1934 ஜனவரி 15, திங்கட்கிழமை. பொங்கல் முடிந்த மறுநாள். வடகரையிலும் கடையநல்லூரிலும் முஸ்லிம் வீடுகளில் நோன்பின் கடைசி நாட்கள். பெருநாளுக்கு இன்னும் ஓரிரு தினங்களே. கங்கைக்கரை நகரமான முங்கேரிலும் அதே பரபரப்பு. பெருநாள் சாமான் வாங்க வந்தவர்களால் கடைவீதி நிறைந்திருந்தது. பிற்பகல் இரண்டேகால் மணி வாக்கில் பூமி குலுங்கியது. சில நிமிடங்கள்தான். நெருக்கமான அந்தச் சந்துகளில் ஓடக்கூட வழியில்லாமல், இரு பக்கத்துச் சுவர்களும் நடுவில் இருந்த ஜனங்கள்மேல் சரிந்தன. முங்கேரில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

நிலநடுக்கத்தின் மையம் கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்ட்டுக்குத் தெற்கே. அளவு 8 அல்லது அதற்கும் மேல். முசாபர்பூர், தர்பங்கா, மோதிஹாரி, சீதாமடி எல்லாம் சிதைந்தன. காத்மாண்டுவில் தரஹரா கோபுரம் முறிந்து விழுந்தது. (மீண்டும் எழுப்பப்பட்ட அதே கோபுரம் 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் மறுபடியும் விழுந்தது, நேபாளிகள் அதையும் திரும்பக் கட்டிவிட்டார்கள்.) பீகாரில் 7,000 பேருக்கு மேல், நேபாளத்தில் 8,500 பேர் வரை பலியானதாக அரசுக் கணக்கு.

சாவுக் கணக்கோடு முடிகிற விஷயமாக அது இல்லை. வடக்கு பீகாரின் மண் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல். அடியில் தண்ணீர் ஊறி நிற்கிற மணல். அடைமழைக்குப் பிறகு வரப்பில் காலை அழுத்தினால் சேறு கொப்பளிக்குமே, அப்படி மாவட்டம் மாவட்டமாகத் தரை பிளந்து தண்ணீரும் மணலும் பீறிட்டன. சுமார் 300 கிலோமீட்டர் நீளப் பட்டையில் கட்டடங்கள் சாய்ந்து மண்ணுக்குள் அமிழ்ந்தன. வயலை மணல் மூடியது. கிணறுகள் தூர்ந்தன. வெட்டுக்கு நின்ற கரும்பை ஆட்ட ஆலை இல்லை, சர்க்கரை ஆலைகள் உடைந்து கிடந்தன. உயிர் பிழைத்த குடியானவன் ஒரு வாரத்தில் கண்டுகொண்ட உண்மை, குடிக்கத் தண்ணீர் இல்லை, விதைக்க நிலம் இல்லை, கைக்கு வந்த வெள்ளாமைக்கு விலை இல்லை என்பதுதான்.

ஜனவரி 24, திருநெல்வேலி

தீண்டாமை ஒழிப்புக்காக 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கிய ஹரிஜன யாத்திரையில் இருந்தார் காந்தி. ஒன்பது மாதம், சுமார் 12,500 மைல். வசூலான தொகை எட்டு லட்சம் ரூபாய் அளவில் வந்தது. நிலநடுக்கத்துக்கு முந்தின நாள் அவர் இருந்த ஊரின் பெயரும் வடகரைதான். நம் அனுமன் நதிக்கரை வடகரை இல்லை, மலபாரில் இருக்கிற வடகரை. அங்கே கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் போட்டிருந்த நகைகளை மேடையிலேயே கழற்றிக் கொடுத்ததைத் தன் பத்திரிகையில் தனிக்கட்டுரையாக எழுதினார். கொச்சி, திருவிதாங்கூர் வழியாக அவர் தமிழ்நாட்டுக்குள் வரும்போது பீகார்ச் செய்திகள் பத்திரிகைகளில் நிறைந்திருந்தன.

ஜனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் அவர் பேசியது உலகம் முழுக்கப் போயிற்று. இந்தப் பூகம்பம், தீண்டாமை என்ற பாவத்துக்காகக் கடவுள் நமக்கு அனுப்பிய தண்டனை என்று நம்புவதாகச் சொன்னார். இதை மூடநம்பிக்கை என்று சொல்வார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. நீங்களும் என்னோடு சேர்ந்து அந்த அளவுக்கு மூடநம்பிக்கை கொள்ளுங்கள் என்று கேட்டார். பீகாருக்கு உதவ வேண்டும் என்றும் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த நெல்லைச் சீமைக்காரர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். கோயில் வாசலை அடைத்து வைத்திருப்பவன் இங்கே இருக்கிறான், வீடு இடிந்து விழுந்தது முங்கேரில் அத்தர் வாங்க வந்தவன் தலையில்! இந்தத் தண்டனையில் என்ன நியாயம் என்று முன்வரிசையில் இருந்த ஒருவருக்காவது தோன்றியிருக்காதா?

சாந்திநிகேதனில் இருந்த ஒருவருக்குத் தோன்றியது. தாகூர் மறுப்பு எழுதினார். ஊருக்குத் தெரியாமல் முணுமுணுக்கவும் இல்லை, முதலில் பத்திரிகைக்கு ஓடவும் இல்லை. எழுதியதைக் காந்திக்கே அனுப்பிவைத்தார். இயற்கைச் சேதத்துக்குக் காரணம் இயற்கையில்தான் இருக்கிறது, அறத்தோடு அதை முடிச்சுப்போடக் கூடாது என்பது அவர் வாதம். காந்தி சொல்வது சரியென்றால் எதிராளியும் இதே தர்க்கத்தைத் தூக்கிக்கொண்டு வருவான் என்றும் எச்சரித்தார். அவர் சொன்னபடியேதான் நடந்துகொண்டிருந்தது. தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பிய பாவத்தினால்தான் பூமி ஆடியது என்று சனாதனிகள் பேசினார்கள். கடவுளின் தண்டனையை விளக்க ஆரம்பித்தால் ஆளுக்கொரு விளக்கம்!

காந்தி அந்த மறுப்பை 1934 பிப்ரவரி 16 தேதியிட்ட தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். அதே இதழில் தன் பதிலையும் போட்டார். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காந்தியின் நெல்லைப் பேச்சைப் படித்துத் திகைத்ததை நேரு தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவருக்கும் இந்த விளக்கம் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

என் பங்குக்குச் சொல்லிவிடுகிறேன்: தாகூர் பக்கம்தான் நியாயம். உரசிக்கொள்கிற பூமித்தட்டுகளுக்குச் சாதி தெரியாது. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் காந்தி செய்த ஒரு காரியத்தை விட்டுவிட முடியவில்லை. பேரழிவு நடந்த ஒன்பதாம் நாள் எந்தத் தலைவரும் செய்யக்கூடியது, "நாம் எல்லோரும் ஒன்று" என்று சொல்லி உண்டியலை நீட்டுவது. அதற்குக் கைதட்டு நிச்சயம். அவர், நாம் ஒன்றாக இல்லை என்பதை அந்த மேடையிலேயே போட்டு உடைத்தார். விளக்கம் தப்பு. கேட்ட கேள்வி தப்பில்லை.

சிறையிலிருந்து பாட்னாவுக்கு

அப்போது சட்டமறுப்பு இயக்கக் காலம். காங்கிரஸ்காரர்களில் பெரும்பாலோர் உள்ளே இருந்தார்கள். ராஜேந்திர பிரசாத் கைதியாக, உடல்நலம் கெட்டு பாட்னா மருத்துவமனையில் கிடந்தார். நிலநடுக்கம் நடந்த இரண்டாம் நாள் அவரை விடுவித்தார்கள். ஆஸ்துமாக்காரர். எழுந்து நடக்கத் தெம்பு வருவதற்கு முன்பே பீகார் மத்திய நிவாரணக் குழுவை அமைத்துவிட்டார். வைஸ்ராய் தனியாக ஒரு நிதி திரட்டினார், இவர்கள் தனியாகத் திரட்டினார்கள். பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பணமும் துணியும் கம்பளியும் பாட்னாவுக்குப் போயின. அதே வருஷம் அக்டோபரில் பம்பாய் காங்கிரஸுக்கு ராஜேந்திர பிரசாத் தலைவரானார். பின்னாளில் முதல் குடியரசுத் தலைவரான மனிதரை நாடு முழுக்க அறியவைத்தது இந்த நிவாரண வேலைதான் என்பேன்.

நேரு பீகாருக்குப் போய் ஊர் ஊராகச் சுற்றினார். முங்கேரில் தானே மண்வெட்டி எடுத்து இடிபாட்டைக் கிளறினார். அரசாங்கம் மெத்தனமாக இருக்கிறது என்று வெளிப்படையாகக் குறையும் சொன்னார். திரும்பி வந்த மறுநாளே, கல்கத்தாவில் பேசிய பேச்சுக்காகப் பிப்ரவரி 12 அன்று கைது. இரண்டு வருஷ தண்டனை. துயரத்தில் ஒன்றுபட்டோம் என்கிற படத்துக்குள் இதுவும் இருக்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். மார்ச் மாதம் பீகார் வந்த காந்தி, பாட்னாவில் கூடிய நிவாரணக் குழுவில், இந்த வேலையில் அரசாங்கத்தோடு மரியாதையாக ஒத்துழைப்பது என்று தானே தீர்மானம் கொண்டுவந்தார். எந்த அரசாங்கம்? தன்னையும் தன் தோழர்களையும் மாறி மாறிச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே அரசாங்கம். செத்தவர்களுக்காகவும் பிழைத்தவர்களுக்காகவும் இரண்டு தரப்பும் ஒரே கிணற்றைத் தூர்வாரலாம், மற்றச் சண்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. கிணறு என்று சும்மா சொல்லவில்லை. நிவாரணக் குழுவின் முக்கியமான வேலைகளில் ஒன்று மணல் அடைத்த கிணறுகளைச் சுத்தம் செய்வது. அரசாங்கம் தன் பங்குக்கு, உடைந்த ஆலைகளுக்குப் பதிலாக மாடு கட்டி இழுக்கும் கரும்புச் செக்குகளைக் கொடுத்தது.

சுவிட்சர்லாந்திலிருந்து பியர் செரெசோல் வந்தார். முதல் உலகப்போருக்குப் பிறகு, சண்டையிட்ட நாடுகளின் இளைஞர்களைச் சேர்த்து இடிந்த கிராமங்களைக் கட்டவைத்தவர். தன் தோழர்கள் சிலரோடு பீகாருக்கு வந்து, வெள்ளத்தில் மூழ்காத மேட்டு நிலத்தில் குடியானவர்களோடு சேர்ந்து மண்சுமந்து வீடு கட்டினார். அவர் தொடங்கிய சேவை அமைப்பு ஐரோப்பாவுக்கு வெளியே செய்த முதல் வேலை இதுவே.

பூகம்பம் இந்து, முஸ்லிம் பார்க்கவில்லை, மேல்சாதி, கீழ்சாதி பார்க்கவில்லை, நிவாரணமும் பார்க்கக் கூடாது என்று பீகார் கிராமங்களில் திரும்பத் திரும்பச் சொன்னார் காந்தி. சொல்லவேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமை விளங்குகிறது. ஏப்ரல் கடைசியில், அதே பீகாரில் ஜசிதி என்ற ஊரில், அவர் போன காரைச் சனாதனிகள் தடியால் அடித்துக் கண்ணாடியை நொறுக்கினார்கள். இடிந்த வீடுகள் இன்னும் எழும்பவில்லை. அதற்குள் கோயில் கதவைக் காக்க ஆள் திரண்டுவிட்டது.

ஏழெட்டு கிலோமீட்டர் இடைவெளி

இப்போது நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கலாம். ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமை. குற்றாலமும் தென்காசியும் சென்னை மாகாணம். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டதும், அவர் அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. பண்பொழித் திருமலைக் குமரன் கோயிலும் அந்தச் சீமையில்தான் இருந்தது. கிழக்கே சென்னை மாகாணத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துப்போனது 1939 ஜூலை 8-இல். மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல். காந்தி குற்றாலத்தில் குளிக்காமல் போனதிலிருந்து கணக்குப் போட்டால் பதின்மூன்று வருஷம்.

பீகாருக்காக நெல்லைக் கூட்டத்தில் காசு போட்டவர்களில், அருவியில் யார் குளிக்கலாம் யார் கூடாது என்று தீர்மானிக்கிற வீட்டுக்காரர்களும் கட்டாயம் இருந்திருப்பார்கள். அவர்களைப் போலித்தனக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறவனுக்காக மடியை அவிழ்ப்பது சுலபம். அவன் உங்கள் தெருவில் வந்து தண்ணீர் எடுக்கப் போவதில்லை. பக்கத்துச் சேரிக்காரன் எடுக்க வருவான். தேசம் என்ற அளவில் ஒன்றாவதும், படித்துறை என்ற அளவில் ஒன்றாவதும் வேறு வேறு வேலைகள். முதலாவது நடந்துவிட்டால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று யாராவது சொன்னால், குற்றாலத்தைப் பார் என்று சொல்லலாம்.

இன்றைய அருவியைப் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் நம்பக் கஷ்டமாக இருக்கும். தை மாதத்தில் போய்ப் பாருங்கள். சபரிமலை முடித்து வரும் கறுப்பு வேட்டிக்காரர்கள், பொங்கல் லீவுக்கு வந்த குடும்பங்கள், கேரளத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். தலையில் எண்ணெய் வழிய வழிய ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு, தண்ணீருக்கு அடியில் ஓரங்குலம் இடம்பிடிக்கிற போராட்டம். பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்க நேரமில்லை, கேட்டாலும் அந்த இரைச்சலில் காதில் விழாது. இப்படி நிற்கிற உரிமையை எந்தப் பூகம்பமும் வாங்கித் தரவில்லை. சட்டமும் போராட்டமும் வாங்கித் தந்தன.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை

நம் தலைமுறை கண்ட தேசத் துயரம் 2004 டிசம்பர் 26 சுனாமி. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் பலி, அதில் 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தில். அன்று நாகூரில் நடந்தது மறக்கக்கூடியதில்லை. தர்கா தன் இடத்தைத் திறந்துவிட்டது. கரை ஒதுங்கிய உடல்கள் எந்த மதம் என்று பார்க்காமல் அங்கே அடக்கம் செய்யப்பட்டன. ஜமாஅத் இளைஞர்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களின் உடல்களைத் தூக்கினார்கள். தமிழ்நாட்டில் மத ஒற்றுமை என்று யாராவது மேடையில் முழங்கினால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குழிகளை வெட்டிய கைகள்.

அதே கடற்கரையில், அதே வாரங்களில், நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதையும், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் தடுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் ஊர் பெயரோடு பதிவு செய்திருக்கின்றன. 1934-க்குப் பிறகு எழுபது வருஷம் ஓடியிருந்தது. மதம் என்ற சுவரை அலை அடித்துக்கொண்டு போனது போலிருந்தது. சாதி என்ற சுவர் தண்ணீர்க் குழாயடியில் அப்படியே நின்றது. அந்த ஆண்டின் ஒற்றுமையைப் பாடுகிற நினைவுக் கட்டுரைகளில் முதல் பாதிதான் வருஷா வருஷம் அச்சாகிறது.

தாகூர்–காந்தி வாதத்தின் அருமை இந்த இடத்தில்தான் எனக்குப் புரிகிறது. இவ்வளவு பெரிய சாவு நடந்திருக்கும்போது தலைவரைக் குறை சொல்லலாமா, இது சண்டைபோடுகிற நேரமா என்று அன்று யாரும் வாயை அடைக்கவில்லை. கவிஞர் மறுத்தார். மறுக்கப்பட்டவரே அதை அச்சடித்து விநியோகித்தார். பாட்னாவுக்குப் போன பணம் அதனால் குறையவும் இல்லை, இருவர் நட்பும் முறியவில்லை. 1936-இல் தான் நிறுவிய விஸ்வபாரதிக்காகக் கையேந்தி ஊர் ஊராய் நாடகம் போட்டுக்கொண்டிருந்த தாகூரின் தள்ளாமையைப் பார்க்கப் பொறுக்காமல், அறுபதாயிரம் ரூபாய்க்கு ஏற்பாடு செய்து கொடுத்தவர் காந்தி.

தஞ்சாவூர்க்காரர் எழுதிய கணக்கு

ஒற்றுமை என்றால் கைகோத்து நிற்கிற படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்த படத்தில் ஒரு கணக்குப் பேரேடு இருக்கிறது. 1934-இல் பீகாருக்காகக் குவிந்த நிவாரணப் பணத்தை யார் காப்பது என்ற கேள்வி வந்தபோது, ஜே.சி. குமரப்பாவைப் பாட்னாவுக்கு வரவழைத்தார்கள். தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி, நியூயார்க்கில் பொருளாதாரம் படித்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காந்தியிடம் வந்து சேர்ந்தவர். பீகாரில் அவருக்கு உறவு இல்லை, மொழியும் சொந்த மொழி இல்லை.

குமரப்பா முதலில் செய்தது தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு வரம்பு வைத்தது. ஆளுக்கு ஒரு நாளைக்குச் சில அணா. அதற்குமேல் ஒரு காசு குழு தராது. இந்த விதி நடப்பில் இருக்கும்போதுதான் காந்தி தன் பரிவாரத்தோடு வந்து சேர்ந்தார். பாலும் பழமும் பேரீச்சையுமாக அவர்கள் சாப்பாடு அந்த அணாக்களுக்குள் அடங்காது. சுற்றுப்பயணக் காருக்குப் பெட்ரோல் வேறு. காந்தியின் குழுவினரிடம் குமரப்பா நேராகவே சொல்லிவிட்டார்: இந்தச் செலவை நிவாரணக் கணக்கில் எழுத முடியாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

விஷயம் காந்தி காதுக்குப் போயிற்று. கூப்பிட்டு விசாரித்தார். பூகம்பத்தில் அடிபட்டவர்களுக்கென்று ஜனங்கள் கொடுத்த பணம் இது, உங்கள் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் கொடுத்ததில்லை என்று குமரப்பா விளக்கினார். காந்தி ஏற்றுக்கொண்டார். அவர் குழுவின் செலவு வேறு வழியில் கட்டப்பட்டது.